கிணற்றுக் கொப்பி

எண்ணெய் கலந்த கிணற்றில் மாதிரி எடுக்கப் போகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது, போத்தலை அந்தத் தண்ணீரால் அலசாதே என்பது. வேறு பல சோதனைகளுக்குக் கிணற்றுத் தண்ணீரையே விட்டு இரண்டு மூன்று தரம் அலசிவிட்டுத்தான் நிரப்புவோம். எண்ணெய்க்கு அது ஆகாது. அலசும்போது படலம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நிரப்புகிற தண்ணீரோடு அதுவும் சேர்ந்து கணக்கு ஏறிவிடும். பிளாஸ்ரிக் போத்தல் இதற்கு நேர்மாறு. எண்ணெயைத் தன் சுவரிலே பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரைச் சுத்தமாகக் காட்டும். ஆகவே வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் ஒரு லீற்றர் அள்ளி, அமிலம் விட்டு பிஎச் அளவை 2க்குக் கீழே இறக்கி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஆய்வுகூடத்தில் ஹெக்சேன் விட்டுக் குலுக்கி எண்ணெயைப் பிரிப்பார்கள். ஹெக்சேன் ஆவியான பிறகு மிஞ்சுவதைத் தராசில் நிறுப்பார்கள்.

கிணறு கெட்டதா, துப்புரவாகிவிட்டதா என்பதை ஆய்வுகூடம்தான் தீர்மானிக்கிறது என்று ஊரில் நினைக்கிறார்கள். இத்தனை வருஷ வேலையில் நான் கண்டது, பாதித் தீர்மானம் கிணற்றடியிலேயே ஆகிவிடுகிறது. எந்தக் கிணற்றில் அள்ளுவது, மழைக்கு முன்னா பின்னா, மோட்டர் ஓடி முடிந்த பிறகா ஓடுவதற்கு முன்னா, மேல் தண்ணீரிலா அடித் தண்ணீரிலா என்பதெல்லாம் போத்தலுக்கு மூடி போடும் முன்பே முடிந்துபோகும் விஷயங்கள். இவற்றைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிலாபத்துக்குப் பக்கத்து முன்னேஸ்வரத்துக்காரன். எங்கள் கோயிலைத் தெரியாதவர் இலங்கையில் குறைவு. ஆவணித் திருவிழாவுக்கும் தெதுறு ஓயாத் தீர்த்தத்துக்கும் எல்லா இனத்தவரும் வருகிறார்கள். வருகிறவர்கள் கண்ணில் படாத ஒன்று எங்கள் காலடியில் இருக்கிறது. கடல் சில கிலோமீற்றர் தூரத்தில்தான். கரையோர மணலில் மழைநீர் ஊறி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்கியிருக்கிறது. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் கரையோரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குடித்தது அதைத்தான். ஆழமில்லாத வளையக் கிணறு, கைக்கெட்டும் தண்ணீர். எட்டும் தூரத்தில் இருப்பதாலேயே நிலத்தில் ஊற்றுகிற எதுவும் சீக்கிரம் அதைப் போய்ச் சேரும்.

ஆனாலும் இந்தத் தொழிலின் முக்கியமான பாடத்தை நான் படித்தது எங்கள் ஊரில் இல்லை, சுன்னாகத்தில்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதுதான் அந்த மக்களின் முக்கிய நீர்வளம். வலிகாமப் பகுதிக்கு அடியில் இருக்கும் நீர்ப்படுகை குடாநாட்டின் நீர்ப்படுகைகளில் பெரியது. அதன் மேலேதான் சுன்னாகம் மின் நிலையம் இருக்கிறது. 1950களில் தொடங்கிய இடம். போர்க்காலத்தில் அங்கிருந்த எண்ணெய்த் தாங்கிகள் அழிந்தன. பிறகு தனியார் மின்பிறப்பாக்கிகள் வந்து போயின. போர் முடிந்த காலத்தில் நோதர்ன் பவர் கம்பனி அங்கே கன எண்ணெயில் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 2013, 2014இல் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக ஊர் முழுக்க முறைப்பாடு எழுந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறுகளைச் சோதித்து, எண்ணெயும் கிறீசும் அளவுக்கு மேல் இருப்பதைப் பதிவு செய்தது. மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2015 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. ஒழுங்கை முனைகளில் நீலத் தாங்கிகளை வைத்தார்கள். பவுசர் வரும் நேரம் பார்த்துச் சனம் குடங்களோடு நின்றது.

அந்த நாட்களில் ஊரவர்களுக்கு மாதிரி எடுக்கப் பழக்குவதற்காகப் போன சின்னக் குழு ஒன்றில் நானும் இருந்தேன். சுண்ணாம்புக் கல் நிலத்தை நான் அதற்கு முன் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. எங்கள் மணலில் தண்ணீர் பரவிப் பரவித்தான் நகரும். அங்கே வெடிப்புக்குள்ளால் ஓடும். மின் நிலைய மதிலுக்குப் பக்கத்துக் கிணறு தெளிந்து கிடக்க, அரைக் கிலோமீற்றர் தள்ளியுள்ள கிணற்றில் வாளியைத் தூக்கினால் வானவில் நிறத்தில் படலம் வரும். வரைபடத்தில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் நான்கு கிணற்றைத் தெரிந்தெடுத்து, நான்கும் நல்லது, பிரதேசம் முழுவதும் நல்லது என்று எழுதுவதற்கு அந்த நிலம் இடம் கொடாது. எந்த வீட்டுக் கிணறு எந்தப் பக்கத்து வெடிப்போடு தொடுப்பு என்பதை ஓரளவுக்காவது சொல்லக்கூடியவர்கள் அங்கே கிணறு வெட்டியவர்களும், அந்தத் தண்ணீரில் தோட்டம் செய்தவர்களும்தான். “உந்த மோட்டர் போட்டால் எங்கட கிணறு இறங்கும்” என்று ஒரு தோட்டக்காரர் காட்டிய கிணறு, நாங்கள் கொண்டுபோன பட்டியலில் இல்லாதது. படலம் மிகத் தடிப்பாக இருந்த கிணறுகளில் அதுவும் ஒன்று.

ஒரு வீட்டில் நான் போத்தலை அலசாமல் இறக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார்.

“தம்பி, உதென்ன போத்தலைக் கழுவாமல் அள்ளுறியள்?”

சொன்னேன். கேட்டுவிட்டுக் கிணற்றுக்கட்டைக் காட்டினார்.

“போன கிழமை ஒராள் வந்து சொல்லிப்போட்டுப் போனவர், நீங்கள் தலைக்கு எண்ணெய் வைச்சுத் தோயிறதாலதான் கிணத்திலை எண்ணெய் மிதக்குதெண்டு. நான் கலியாணம் கட்டி வந்த நாளிலையிருந்து இந்தக் கட்டிலைதான் தோயிறன். அப்ப எல்லாம் மிதக்காத எண்ணெய் இப்ப எங்காலை வந்தது?”

அந்த அம்மாவின் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் விடை இருக்கிறது. எண்ணெயும் கிறீசும் என்ற சோதனை தேங்காயெண்ணெயையும் டீசலையும் பிரித்துப் பார்க்காது. இரண்டும் ஹெக்சேனில் கரையும். பிரித்தெடுத்த எண்ணெயை சிலிக்கா ஜெல்லில் விட்டு எடுத்தால் தாவர, விலங்குக் கொழுப்புகள் அதில் தங்கிவிடும், பெற்றோலிய எண்ணெய் மட்டும் மிஞ்சும். இந்த இரண்டாம் படியைச் செய்தீர்களா என்று கேட்கத் தெரிந்தால், தலைக்கு வைத்த எண்ணெயைச் சாட்டாகச் சொல்ல எவருக்கும் வாய் வராது. அதை அவருடைய மருமகளுக்கு விளக்கினேன். அவர் ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்துவந்து அதையும் எழுதிக்கொண்டார்.

அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்குப் பல விஷயம் விளங்கியது. திகதி. காலையில் முதல் வாளியில் படலம் உண்டா இல்லையா. மணம் எப்படி. கயிற்றில் எத்தனையாவது முடிச்சில் தண்ணீர் தொட்டது. மழை பெய்ததா. அன்று யார் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள், எந்தத் திணைக்களம், என்ன போத்தல். பல மாதங்களுக்கு இடைவிடாமல் எழுதியிருந்தார். தண்ணீர் மட்டம் ஏறிய நாட்களில் படலம் கூடியிருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. காரணம் உண்டு. எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதப்பது. கோடையில் மட்டம் இறங்கும்போது அதுவும் கூட இறங்கி, கல்லின் நுண்ணிய துவாரங்களில் பூசியதுபோல் ஒட்டிக்கொள்ளும். மாரியில் மட்டம் ஏறும்போது அங்கிருந்து கிளம்பி மேலே வரும். கோடையில் மட்டும் மாதிரி எடுத்தால் கிணறு திருந்திவிட்டதாகத் தோன்றும். அந்த ஒரு கொப்பி, ஒருநாள் வந்து நாங்கள் அள்ளிய போத்தல்களைவிட அதிகம் சொன்னது.

அதன் பிறகு நடந்த இழுபறி பலருக்குத் தெரியும். வட மாகாண சபை நிபுணர் குழுவை அமைத்தது. ஒரு தரப்பு ஆபத்தான நச்சுப்பொருள் இல்லை என்றது. நீர் வழங்கல் சபையின் சோதனைகள் எண்ணெய் இருக்கிறது என்றன. ஈயம் என்றார்கள், புற்றுநோய் என்றார்கள். எதை நம்புவது என்று தெரியாமல் மக்கள் தெருவில் இறங்கினார்கள். நல்லூரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது, தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்பதற்கு எழுத்தில் ஒரு பதில். அதே 2015இல் சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவர் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, சுன்னாகம் பகுதி மக்களுக்காக 2 கோடி ரூபாய் செலுத்துமாறு கம்பனிக்கு உத்தரவிட்டது. இந்த நாட்டின் நிலத்தடி நீருக்கு அது பெரிய தீர்ப்பு. நான் அதைச் சந்தோஷத்தோடுதான் வாசித்தேன். ஆனால் தீர்ப்பு வரும்போது முறைப்பாடு தொடங்கி ஐந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதுவரைக்கும் அந்தச் சனம் பவுசரை நம்பிச் சீவித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலிகாமத்துக் கிணறுகளில் எண்ணெய்க்கு முன்பே நைத்திரேற்று இருந்தது. தோட்டத்துக்குப் போடும் பசளையும் மலசலகூடக் குழியும் சேர்ந்து பல கிணறுகளில் அதை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேலே கொண்டுபோயிருக்கின்றன. கற்பிட்டி வெங்காயத் தோட்டக் கிணறுகளிலும் இதே கதை. நிறமில்லை, மணமில்லை, ஆகவே அதற்காக எவரும் உண்ணாவிரதம் இருப்பதில்லை. ஆலையின் மீது கண் வைக்கிற ஊர் தன் குழியையும் கிணற்றையும் நாடா பிடித்து அளந்து பார்க்கவேண்டும் என்று நான் கூட்டங்களில் சொல்வேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. பிடிக்காவிட்டாலும் சொல்வேன்.

பழைய பதிவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரதுபஸ்வல இருக்கிறது. கம்பஹா மாவட்டத்தில் வெலிவேரியவுக்குப் பக்கத்து ஊர். கிணற்றுத் தண்ணீரின் பிஎச் இறங்கிவிட்டது, காரணம் தொழிற்சாலைதான் என்றார்கள் மக்கள். ஈரவலயத்தின் செம்பூறாங்கல் மண்ணில் கிணற்று நீர் இயல்பாகவே புளிப்புள்ளது என்ற வாதம் எதிரே நின்றது. தொழிற்சாலை வருவதற்கு முன்னும் வந்த பிறகும் அந்தக் கிணறுகள் எப்படியிருந்தன என்று வருஷவாரியாகக் காட்டும் பதிவு ஊரின் கையில் இருந்திருந்தால் அந்த வாதத்தை ஒரு பின்னேரத்தில் தீர்த்திருக்கலாம். 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி வீதிக்கு இறங்கியவர்கள் மீது இராணுவம் சுட்டது. மூன்று பேர் செத்துப்போனார்கள். சுத்தமான தண்ணீர் கேட்டுப் போனவர்கள்.

சுன்னாகத்திலிருந்து திரும்பி வந்த பிறகு எங்கள் பக்கத்துக் கிணறுகளை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். சிலாபத்தைச் சுற்றித் தென்னைதான் தொழில். மட்டை ஊறப்போடும் குழிகள், தும்பு ஆலைகள், டிசி மில் என்று நாங்கள் சொல்லும் தேங்காய்த் துருவல் ஆலைகள். கரையோரத்தில் 1980களில் வந்த இறால் வளர்ப்பு, 1996இல் வெண்புள்ளி நோய் வந்த பிறகு கைவிடப்பட்ட குளங்கள். இவற்றில் எதுவும் சுன்னாகம்போல் பெயர் வாங்கவில்லை.

முன்னேஸ்வரத்துக்குக் கிட்டிய ஓர் ஊரில் துருவல் ஆலையொன்றின் கழிவுநீர் பல காலமாக மண்குழியில் விடப்பட்டு வந்தது. தேங்காய்த் தண்ணீரும் கழுவிய தண்ணீரும் நஞ்சா என்று கேட்பார்கள். நஞ்சில்லை, ஆனால் அதில் சீனியும் கொழுப்பும் இருக்கிறது. மண்ணுக்குள் இறங்கி அழுகும்போது நிலத்தடி நீரில் உள்ள ஒட்சிசனை முழுக்கத் தின்றுவிடும். ஒட்சிசன் இல்லாத நீரில் மணலில் ஒட்டியிருந்த இரும்பும் மங்கனீசும் கரைந்து வெளியே வரும். வாளியில் தெளிவாக ஏறுகிற தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தேயிலைச் சாயம்போல் ஆகும். கூழ்முட்டை மணம் வரும். அந்த ஊர்ப் பெண்கள் வெள்ளைச் சட்டை தோய்ப்பதை விட்டுவிட்டார்கள். பாடசாலைப் பிள்ளைகளின் சீருடைக்கு உறவினர் வீட்டுக் கிணற்றைத் தேடிப் போனார்கள். இந்தப் பிரச்சினையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேசைக்குக் கொண்டுபோனது அந்தச் சீருடைதான்.

கூட்டங்கள் நடந்தன. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லார் வீட்டுக் கிணறும் கெட்டிருந்தபடியால் குழு அமைப்பதில் கஷ்டமிருக்கவில்லை. ஆலைத் தரப்பு துப்புரவுக்கு ஒப்புக்கொண்டது. குழியின் சேறு அள்ளப்பட்டது; கழிவுநீருக்குக் கொங்கிறீற் தொட்டி கட்டப்பட்டது. கிணறுகளை மோட்டர் வைத்து இறைத்து, குளோரின் தூள் போட்டு, மறுநாள் காலையில் மாதிரி எடுத்தார்கள். இரும்பு அளவுக்குள் இருந்தது. துப்புரவு முடிந்தது என்று ஒரு கடிதமும் வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு குழுச் செயலாளர் என்னிடம் வந்தார். “அண்ணா, இதை நம்பலாமா?”

முழுதும் இறைத்த கிணற்றில் மறுநாள் ஊறி நிற்பது சுற்றிவர உள்ள புதுத் தண்ணீர். மண்ணில் ஒட்டியிருக்கும் அழுக்கு அதில் கரைந்து வரக் கிழமைகள் ஆகும். குளோரின் கிருமியைக் கொல்லும். மணலுக்குள் ஊறிப்போன கழிவை அகற்றாது. ஆகவே மறுநாள் மாதிரி துப்புரவைக் காட்டாது, இறைப்பைத்தான் காட்டும். பொறுத்திருந்து பாருங்கள் என்றேன். ஒரு மாதம் ஆகுமுன் சாயத் தண்ணீர் திரும்பவும் வந்தது. மாசகற்றும் வேலையில் இது உலகம் முழுவதும் தெரிந்த சங்கதி. எந்த ஒழுங்கான திட்டத்திலும் வேலை நின்ற பிறகு பல பருவங்களுக்குத் தொடர்ந்து மாதிரி எடுப்பார்கள். இங்கே அதை எவரும் கேட்காதபடியால் எவரும் செய்யவில்லை.

அடுத்தது இதைவிடப் பாரதூரமானது. சாயம் திரும்பியதும், இன்னும் நன்றாக இறைக்கிறோம் என்று பெரிய மோட்டரோடு வந்தார்கள். கரையோர மணலில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நிற்கிறதென்றால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் தாங்கும் என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு. கணக்கு மறுபக்கமும் செல்லும். மேலே கொஞ்சம் இறக்கினால் கீழேயிருந்து உப்பு பல மடங்கு ஏறும். இரும்பை எடுக்கப் போய் உப்பைக் கொண்டுவந்தால் அந்தக் கிணறு திரும்பக் கிடைப்பது எளிதில்லை.

குழு அதற்கு முன்பே கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்றைக் காசு சேர்த்து வாங்கியிருந்தது. பேனைபோல் தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை இலக்கத்தில் காட்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் காலையில், மோட்டர் போடும் முன், ஒரே ஆழத்தில் பார்த்து எழுதினார்கள். பெரிய மோட்டர் ஓடிய அன்றே கடற்பக்கத்து இரண்டு கிணறுகளில் இலக்கம் ஏறத் தொடங்கியது. உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை கொப்பியைக் கொண்டுபோய் மேற்பார்வைக்கு வந்தவரிடம் நீட்டினாள். மோட்டர் நின்றது. பிறகு சின்ன மோட்டரில், இடைவெளி விட்டு, இலக்கம் ஏறினால் நிறுத்துவது என்ற நிபந்தனையோடு வேலை நடந்தது. அந்த நிபந்தனையை எழுதியவர்கள் ஊரவர்கள். இந்தத் தொழிலில் எனக்கு மனம் நிறைந்தது அந்த ஒரு காகிதத்தைப் பார்த்தபோதுதான்.

சட்டமும் கைகொடுக்கும், கேட்கத் தெரிந்தால். நாட்டின் மற்ற மாகாணங்களில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் நடைமுறையில் இருக்க, எங்கள் வடமேல் மாகாணத்துக்கு 1990ஆம் ஆண்டின் தனி நியதிச்சட்டமும் தனி மாகாணச் சுற்றாடல் அதிகாரசபையும் உண்டு. எங்கள் புத்தளம் மாவட்டத்தில் ஆலைக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும், நிபந்தனை போடுவதும், புதுப்பிக்க மறுப்பதும் அவர்கள் கையில். இது தெரியாமல் கொழும்புக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் பலர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். என் யோசனை, அறிக்கையின் சுருக்கத்தைக் கேட்காதீர்கள். மாதிரி எடுத்த கிணறுகளின் வரைபடம், திகதி, நேரம், போத்தல் வகை, ஆய்வுகூடத்தின் மூலத்தாள், அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகள் ஆகியவற்றைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் 1986இல் சூப்பர்ஃபண்ட் சட்டத்தைத் திருத்தியபோது, மாசடைந்த ஊரின் மக்கள் குழு தனக்கென்று ஒரு நிபுணரை அமர்த்திக்கொள்ள 50,000 டொலர் வரை மானியம் வைத்தார்கள். அரசாங்கத்தின் நிபுணரை ஊரின் நிபுணர் கேள்வி கேட்கட்டும் என்பது ஏற்பாடு. நமக்கு அப்படி ஒன்று இல்லை. தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்களுக்கும் இருக்கவில்லை. அவர்கள் 2004இல் தங்களுக்குள்ளேயே கண்காணிப்பாளர்களைப் பழக்கி, எந்த நேரம் எந்த மணம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று எழுதி, வாளியில் காற்று மாதிரி பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். பணமில்லாத ஊருக்கு வழி அதுதான். சுன்னாகத்து மருமகள் யாரும் சொல்லாமலே செய்ததும் அதுதான்.

துருவல் ஆலை ஊரின் குழு இப்போது மூன்று வகைக் கிணறுகளைப் பார்க்கிறது. கெட்டவை, கெடக்கூடிய பக்கத்தில் இருப்பவை, ஆலைக்கு மேட்டுப்பக்கத்தில் இருக்கும் கெடாதவை. கடைசி வகை இல்லாவிட்டால், இது இந்த நிலத்தின் இயல்பு என்று எவரும் சொல்லிவிட்டுப் போகலாம். துப்புரவு முடிந்தது என்று இனி யார் கடிதம் தந்தாலும், அதற்குப் பிறகு இரண்டு மாரி, இரண்டு கோடை பார்த்த பின்பே கையெழுத்து என்று கூட்டத்தில் தீர்மானம் எடுத்திருக்கிறார்கள். மேட்டுப்பக்கத்தில் இன்னும் இரண்டு கிணறுகள் பட்டியலில் சேரவில்லை. வீட்டுக்காரர்கள் கொழும்பில், படலைச் சாவி பக்கத்து வீட்டு ஐயாவிடம் இருக்கிறது. அவரிடம் பேசியாகிவிட்டது. ஐப்பசி மழை தொடங்குமுன் அந்த இரண்டிலும் முதல் போத்தலை எடுத்துவிட வேண்டும்.